நூலகத்தில் எந்தக் கதிரை? திருகோணமலை வளாகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: "திருகோணமலையில் கம்பஸ் முதலாம் வருடம் படிக்கிறேன், முகாமைத்துவம். அலஸ்தோட்டத்தில் மூன்று பேர் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறோம். அறையில் படிக்க வழியில்லை. நூலகத்தில் ஏசிப் பக்கம் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் நித்திரை தூக்குகிறது. யன்னல் பக்கம் போனால் வெக்கை. நடுவில் இருந்தால் பக்கத்து மேசைப் பேச்சு காதில் விழுகிறது. எங்கே இருந்து படிப்பது?"

தங்கச்சி, முதலில் அந்த நித்திரையைப் பார்ப்போம். அதை உங்கள் சோம்பல் என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற காற்றையே உறிஞ்சி, குளிராக்கி, திரும்ப விடுகிறது. கதவும் யன்னலும் பூட்டிய அறையில் முப்பது நாற்பது பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். வெளியில் அது பத்து இலட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும். நெருக்கமான மூடிய அறையில் 1000ஐ இலகுவாகத் தாண்டிவிடும். அறை குளிராக இருப்பதால் காற்று நன்றாக இருக்கிறது என்று உடம்பு நம்பிவிடுகிறது. தலை பாரமும் கொட்டாவியும்தான் உண்மையைச் சொல்கின்றன. அதற்கு மேல் மதியம் சோற்றுப் பார்சலையும் சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்கு அங்கே போய்க் கோட்பாட்டுப் பாடம் விரித்தால் யாருக்கும் கண் சொருகும்.

ஏசி அறையில் இருக்கத்தான் வேண்டும் என்றால் ஆட்கள் வந்து போகும் கதவுக்கு அருகில், ஆனால் கதவுக்கு முதுகு காட்டி இருங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புதுக்காற்று வரும். வருகிறவர்களின் முகம் உங்கள் கண்ணில் படாது. ஏசியின் வாய்க்கு நேர் கீழே இருக்க வேண்டாம். முதல் அரை மணித்தியாலம் சுகமாக இருக்கும், பிறகு கழுத்து இறுகும், கண் உலரும். நாற்பத்தைந்து ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். போனைக் கையில் எடுக்காமல் போனால் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாகவே இருக்கும்.

இனி இடத்துக்கு வருவோம். எல்லா வேலைக்கும் பொருந்துகிற ஒரு கதிரை எந்த நூலகத்திலும் கிடையாது. அதனால் உள்ளே நுழைய முன் "இப்போது நான் செய்யப்போவது என்ன?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றை வாசித்து விளங்கிக்கொள்வதா, கணக்கியல் கணக்குச் செய்வதா, நாலைந்து புத்தகம் புரட்டி அசைன்மென்ட் எழுதுவதா, பாஸ் பேப்பரை, அதாவது கடந்த வருடப் பரீட்சை வினாத்தாளை, தோழிகளோடு இருந்து அலசுவதா? இந்த நான்குக்கும் நான்கு விதமான இடம் வேண்டும். ஒரே மேசையில் நான்கையும் செய்யப் பார்ப்பதால்தான் பலருக்கு "நூலகம் எனக்குச் சரிவராது" என்று தோன்றிவிடுகிறது.

விளங்கி வாசிப்பதற்கு உங்கள் தலை மிகத் தெளிவாக இருக்கும் நேரத்தையும், மிக அமைதியான மூலையையும் கொடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது காலை. கணக்குச் செய்வதற்கு இவ்வளவு அமைதி தேவையில்லை. கை வேலை செய்துகொண்டிருப்பதால் நித்திரையும் கிட்ட வராது. மதியத்துக்குப் பிறகான மந்த நேரத்தைக் கணக்குக்கும், உசாத்துணைப் பட்டியல் எழுதுவதற்கும், குறிப்பைத் திருத்தி எழுதுவதற்கும் ஒதுக்குங்கள். இந்த ஒரு மாற்றமே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

வெளிச்சத்தையும் வெக்கையையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இது காலத்துக்குக் காலம் மாறுவது. வருடம் முழுதும் நல்ல யன்னல் என்று ஒன்று இங்கே இல்லை.

வாசிப்பு மேசைக்கு 500 லக்ஸ் அளவு வெளிச்சம் வேண்டும் என்பது பொதுவான தரம். அலுமாரிகளுக்கு 200 போதும். ஆகவே இரண்டு அலுமாரிக்கு நடுவில் ஒதுங்கிக் கிடக்கும் மேசை அமைதியாக இருந்தாலும் பெரும்பாலும் இருட்டாகத்தான் இருக்கும். போனில் லக்ஸ் அளக்கும் இலவச செயலி ஒன்றைப் போட்டு மேசை மட்டத்தில் வைத்துப் பாருங்கள். அளவு துல்லியமாக இருக்காது, ஆனால் இரண்டு மேசையை ஒப்பிடப் போதும். செயலி வேண்டாமென்றால் கொப்பியைத் திறந்து நாலு வரி எழுதிப் பாருங்கள். எழுதும் எழுத்தின் மேல் உங்கள் கையின் நிழல் கறுப்பாக விழுந்தால் கதிரையைத் திருப்ப வேண்டும். வலது கையால் எழுதுகிறவருக்கு யன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும், இடது கையால் எழுதுகிறவருக்கு வலப்பக்கம். மடிக்கணினி என்றால் யன்னல் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளப்பு அடிக்கும், முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும்.

கவனிக்காமல் விடப்படுகிற இன்னொன்று, விசிறிக்கும் விளக்குக்கும் உள்ள பொருத்தம். நிமிர்ந்து பாருங்கள். விளக்கு விசிறி இறக்கைக்கு மேலே இருந்தால், இறக்கை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் புத்தகத்தின் மேல் நிழல் துடிக்கும். வேகமாகச் சுற்றும்போது அதை நிழல் என்று கண் கண்டுபிடிக்காது. அரை மணித்தியாலத்தில் நெற்றி வலிக்கத் தொடங்கும், வாசித்த வரியையே திரும்ப வாசிப்பீர்கள். "இந்த மேசையில் இருந்தால் ஏனோ தலையிடி" என்று சொல்லும் இடங்கள் சிலவற்றுக்கு இதுதான் காரணம். நேர் கீழே இருக்காமல் ஒரு மேசை தள்ளி இருந்தால் காற்றும் வரும், நிழலும் துடிக்காது. கடதாசியும் பறக்காது.

யன்னல் எந்தத் திசை என்பதைக் கட்டாயம் பாருங்கள். மேற்கு யன்னல் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து பாவிக்க முடியாது. மேயிலிருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்றும் அந்தப் பக்கத்தால்தான் வரும். நிலத்தைக் கடந்து வருகிற காய்ந்த சூட்டுக் காற்று அது. யன்னலைத் திறந்தால் அனல், பூட்டினால் புழுக்கம். அந்த மாதங்களில் காலையில் மேற்குப் பக்கம், பிற்பகலில் கிழக்குப் பக்கம் என்று மாறிக்கொள்ளுங்கள். மாரியில் கதை தலைகீழாகிவிடும். வடகிழக்குக் காற்றோடு வருகிற சாரல் கிழக்கு யன்னலால் அடித்து, ஓரத்து மேசையை நனைத்துவிடும். நவம்பர், டிசம்பரில் கிழக்கு ஓரத்தில் இரவல் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டுத் தேநீருக்குப் போகாதீர்கள். நனைந்த புத்தகம் கடற்கரை ஈரப்பதத்தில் காயாது, பூஞ்சணம் பிடிக்கும், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

வடக்கு, தெற்கு யன்னல்கள் பொதுவாக நல்லவை. திருகோணமலை நில நடுக்கோட்டுக்கு ஏறத்தாழ எட்டரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஓகஸ்ட் இறுதியை ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்குப் பக்கமாகச் சாயும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமாக. வடக்கே சாயும்போது சூரியன் மிக உயரத்தில் நிற்பதால் உள்ளே அதிகம் விழாது. டிசம்பர், ஜனவரியில் தெற்கு யன்னலால்தான் கொஞ்சம் ஆழமாக விழும். அதனால் ஒரே ஒரு யன்னலைத்தான் வருடம் முழுதும் வைத்திருக்க முடியும் என்றால் வடக்கு யன்னலைப் பிடியுங்கள்.

சத்தத்துக்கு வருவோம். படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் சத்தத்தின் அளவு அல்ல, அது விளங்குகிறதா என்பதுதான். விசிறி இரைச்சல், மழை, தூரத்து வாகனம் இவற்றுக்குக் காது பழகிவிடும். பக்கத்தில் இரண்டு பேர் குசுகுசுப்பது மிக மெல்லிய சத்தம்தான், ஆனால் சொல் பிடிபடும். பிடிபட்டால் மூளை அதைப் பின்தொடரும். அதனால் பழைய விசிறி சீராக இரைகிற மூலையை ஒதுக்காதீர்கள், அந்த இரைச்சல் மற்றவர் பேச்சை மூடிவிடும். அதே காரணத்தால் ஹெட்போனில் தமிழ்ப் பாட்டுப் போட்டுக்கொண்டு வாசிப்பதும் சரிவராது. பாட்டு வரியும் புத்தக வரியும் ஒன்றோடொன்று மோதும். ஏதாவது கேட்கத்தான் வேண்டும் என்றால் வார்த்தை இல்லாத இசையோ மழைச் சத்தமோ கேளுங்கள்.

பேச்சு எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் இடம் தானாகத் தெரியும். இரவல் கருமபீடம், பத்திரிகை மேசை, படிக்கட்டின் தலைப்பு, தண்ணீர் வைக்கும் இடம், அச்சுப் பிரதி எடுக்கும் இடம். இவற்றிலிருந்து குறைந்தது இரண்டு வரிசை அலுமாரியாவது நடுவில் நிற்கட்டும். நிறையப் புத்தகம் உள்ள அலுமாரி சத்தத்தை நன்றாக உறிஞ்சும், வெறும் சுவர் திருப்பி அடிக்கும்.

இதில் பலருக்குத் தெரியாத ஓர் உபாயம் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்களில் புத்தகங்களைப் பெரும்பாலும் டூயி தசம முறைப்படி, அதாவது பாடத்துக்கு ஓர் எண் என்று கொடுத்து, அடுக்கியிருப்பார்கள். முகாமைத்துவம் 658, கணக்கியல் 657, பொருளியல் 330, புள்ளிவிபரவியல் 519.5, கணினி நிரலாக்கம் 005. உங்கள் பட்ச் முழுவதும் 650 பக்கம்தான் சுற்றும். அசைன்மென்ட் எழுதும் நாளில் நீங்களும் அங்கேயே இருங்கள், எழும்பி நடக்கும் நேரம் மிச்சம். வாசிக்கும் நாளில் உங்கள் துறைக்காரர் எட்டிப் பார்க்காத அலுமாரிப் பக்கம் போய்விடுங்கள். தெரிந்த முகம் இல்லாத இடத்தில் "என்ன, எங்க நேற்றுக் காணேல்ல?" என்று கேட்க யாரும் இருக்கமாட்டார்கள். அதுவே பெரிய அமைதி.

எடுத்த புத்தகத்தைத் திரும்ப அலுமாரியில் நீங்களே செருக வேண்டாம். மேசையிலோ அதற்கென்று வைத்த தள்ளுவண்டியிலோ விட்டுவிடுங்கள். ஓர் எண் மாறிச் செருகினால் அந்தப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். அடுத்தவர் கணினிப் பட்டியலில் "உள்ளது" என்று பார்த்துவிட்டு நாள் முழுக்கத் தேடுவார்.

மேசை, கதிரை பற்றி: புத்தகம், ஏ4 கொப்பி, மடிக்கணினி மூன்றையும் விரிக்க ஒருவருக்கு அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 60 சென்டிமீட்டர் அளவு வேண்டும். தடுப்பு வைத்த தனி மேசைகள் சில இதைவிடக் குறுகலானவை. அவை வாசிக்க நல்லவை, பல புத்தகம் விரிக்க உதவாது. கதிரையில் இருந்தால் பாதம் முழுதாகத் தரையில் பட வேண்டும், முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்குக் கால் தொங்கினால் ஒரு மணித்தியாலத்தில் தொடை மரக்கும்.

மின் சொக்கெட்டைச் செருகிப் பார்த்துவிட்டே உட்காருங்கள். பழைய கட்டடங்களில் உருண்டை முள் 5 அம்பியர், புதியவற்றில் சதுர முள் 13 அம்பியர். இரண்டுக்கும் பொருந்தும் மாற்றி ஒன்று பையில் இருக்கட்டும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கிற இடத்தில் உப்புக் காற்றுப் பட்டுப் பித்தளை முள்ளும் சொக்கெட்டின் உட்பக்கமும் கறுத்துப் பச்சை பூக்கும். தொடுப்பு இளகி "சிர்" என்று சத்தம் வந்தாலோ, பிளக் தொட்டால் சூடாக இருந்தாலோ அந்தச் சொக்கெட்டை விட்டுவிட்டு ஊழியரிடம் சொல்லுங்கள். வயரை நடைபாதைக்குக் குறுக்கே இழுக்காதீர்கள். யாராவது தடுக்கினால் விழுவது அவரும் உங்கள் மடிக்கணினியும். இடி மின்னல் காலத்தில் வயரைக் கழற்றிவிட்டு பட்டரியில் வேலை செய்யுங்கள். மின்சாரம் நின்றால் ஏசி அறை கொஞ்ச நேரத்திலேயே புழுங்கத் தொடங்கும், திறக்கும் யன்னல் பக்கம் இருந்தவர் தொடர்ந்து படிப்பார். மழைக்காலத்தில் இதையும் கணக்கில் எடுங்கள்.

வைஃபை தேவைப்படும் வேலைக்குக் கூரையில் தெரியும் வெள்ளைத் தட்டுப் போன்ற கருவியைக் கண்ணால் காணக்கூடிய இடத்தில் இருங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரையும் நிறைந்த அலுமாரியையும் கடந்து வரத் திணறும். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு எடுரோம் சேவையையும் தருகிறது. உங்கள் பல்கலைக்கழகக் கணக்கு அதில் வேலை செய்கிறதா என்று கணினிப் பிரிவில் கேளுங்கள். செய்தால் வேறு வளாகங்களுக்குப் போகும்போதும் அதே கணக்கால் இணையலாம். நூலகம் பணம் கட்டி எடுக்கும் மின் இதழ்கள் பெரும்பாலும் வளாக இணைப்பில் மட்டுமே திறக்கும். வேண்டிய கட்டுரைகளை ஒரே இருப்பில் இறக்கிக்கொண்டு, வைஃபை இல்லாத மூலைக்குப் போய் வாசியுங்கள். ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய பத்திரிகைகளும் தேவைப்படும் மொழித்துறைத் தோழிகள் இருந்தால் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைச் சொல்லிக் கொடுங்கள். எங்கிருந்தும் இலவசமாகத் திறக்கும்.

நூலக விதியில் மூன்றை முதல் வாரத்திலேயே கருமபீடத்தில் கேட்டுவிடுங்கள். சொந்தப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாமா? பல நூலகங்களில் பை வெளியே, குறிப்பும் மடிக்கணினியும் மட்டும் உள்ளே. சொந்தப் புத்தகத்துக்குத் தனி வாசிப்பு அறை இருக்கும். உசாத்துணைப் புத்தகத்தை மூடும் நேரத்தில் எடுத்து மறுநாள் காலை கொடுக்க முடியுமா? முடியுமென்றால் அது பெரிய உதவி, ஆனால் அலஸ்தோட்டத்திலிருந்து காலை பஸ் பிந்தினால் தண்டப்பணம் விழும் என்பதையும் யோசியுங்கள். கல்வி நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் பரீட்சைக் காலத்திலும் திறக்கும் நேரம் வேறுபடுமா? பெறுமதியான பொருளை வெளியே வைக்கும் பையில் விடாதீர்கள்.

இனிக் குப்பி, அதாவது மாணவர்கள் தங்களுக்குள் பாடம் சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. சீனியர் அக்கா சொல்லிக் கொடுக்கும் குப்பியையும், நாலைந்து பேர் சேர்ந்து பாஸ் பேப்பர் செய்வதையும் நூலக வாசிப்புப் பகுதியில் வைக்காதீர்கள். நீங்களும் மனம்விட்டுப் பேச முடியாது, மற்றவர்களும் படிக்க முடியாது. கலந்துரையாடல் அறை இருந்தால் முற்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் நேரசூசியில் வெறுமையாக இருக்கும் விரிவுரை மண்டபத்தைத் துறை அலுவலகத்தில் கேட்டு எடுக்கலாம். வெள்ளைப் பலகையும் இருக்கும். கேட்காமல் போய் இருந்து, நடுவில் விரிவுரை வந்து எழுப்பினால் அரை மணித்தியாலம் வீண். கன்ரீன் என்றால் காலை பத்தரைக்குப் பிறகு, மதியத்துக்கு முன். ஐந்து பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஆறாவது ஆள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருப்பார்.

மேலே சொன்னவற்றை வைத்து நூலகத்தை ஒருமுறை சும்மா சுற்றிப் பாருங்கள், படிக்காமல். காலை, மதியம், பிற்பகல் மூன்று வேளையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே மேசை மூன்று வேளையும் மூன்று விதமாக இருக்கும். மூன்று நான்கு இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஒரே வகையான வேலையை ஐம்பது நிமிடம் செய்து பாருங்கள். எத்தனை பக்கம் ஓடியது, எத்தனை தரம் தலை நிமிர்ந்தது என்று கொப்பியின் ஓரத்தில் கோடு போடுங்கள். மனதுக்குப் பிடித்த இடமும் வேலை ஓடிய இடமும் எப்போதும் ஒன்றாக இருக்காது. கோட்டை நம்புங்கள். கடைசியில் முதல் இடம் ஒன்று, அது நிரம்பினால் போக மாற்றிடம் ஒன்று என்று இரண்டு கையில் இருந்தால் காலையில் இடம் தேடி அலையும் பதற்றம் இல்லை.

ஸ்டடி லீவ் வந்தால் கணக்கு மாறும். திறக்கும் நேரத்துக்குப் போனால் விரும்பிய கதிரை கிடைக்கும், ஒன்பதரைக்குப் பிறகு கிடைத்ததுதான் கதிரை. மதிய இடைவேளையில் கொஞ்சம் காலியாகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் மாணவர்கள் தொழுகைக்குப் போவதால் இன்னும் சில இடம் இருக்கும். அவர்கள் திரும்பி வருவார்கள், பொருள் வைத்த இடத்தில் இருக்க வேண்டாம். நீங்களும் கொப்பி ஒன்றைப் போட்டுவிட்டு இரண்டு மணித்தியாலம் போகாதீர்கள். கால் மணித்தியாலத்துக்கு மேல் போவதென்றால் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த ஒரு பழக்கம் எல்லோருக்கும் வந்தால் கதிரைத் தட்டுப்பாட்டில் பெரும்பகுதி இல்லாமல் போகும்.

மாலையில் கீழ்த்தள யன்னல் ஓரம் நுளம்பு. டெங்கு நுளம்பு காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும்தான் அதிகம் கடிக்கும். 2017இல் டெங்குவால் கிண்ணியா பட்டபாடு மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். மேல்தளத்துக்குப் போங்கள், முடியாவிட்டால் காலுறை போடுங்கள். நிலாவெளி வீதியால் நகரம் நோக்கி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்து, அதற்கு இருபது நிமிடம் முன் எழும்புங்கள். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கத்திலிருந்து வரும் பஸ்களும் உங்களுக்குச் சரிவரும், ஆனால் பொழுதுபட்ட பிறகு இடைவெளி கூடும். தனியாக நிற்காமல் உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் போகிற தோழி ஒருத்தியோடு நேரம் ஒத்துக்கொள்ளுங்கள்.

சனி, ஞாயிறில் வளாகத்துக்குப் போக மனமில்லாவிட்டால் நகரப் பொது நூலகம் இருக்கிறது. காலையில் பத்திரிகை வாசிக்க வருகிறவர்கள் கூடுவார்கள், அந்த மேசையிலிருந்து தள்ளி உசாத்துணைப் பகுதிக்குப் போங்கள். அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். பொது நூலகங்கள் கிழமையில் ஒருநாள் பூட்டியிருப்பது வழக்கம், அது எந்த நாள் என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.